சுற்றுலாப் பயணியின் காது

வெளிநாடு போய்விட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. சிங்கப்பூர் என்றால் கோடாலித் தைலம், துபாய் என்றால் பேரீச்சம்பழம், பாரிஸ் என்றால் சாவிக் கொத்தில் தொங்கும் ஈஃபில் டவர். எழுத்தாளராக இருந்தால் பயணக் கட்டுரை. ‘அங்கே தெருவில் ஒரு குப்பை கிடையாது, எல்லாரும் க்யூவில் நிற்கிறார்கள்’ என்று வாராவாரம் படித்து இரண்டு தலைமுறையாகப் பெருமூச்சு விட்டிருக்கிறோம்.

சரி, ஒரு சங்கீதக்காரர் வெளிநாடு போய்விட்டு வந்தால் என்ன கொண்டுவருவார்? மேற்கத்திய இசையில் அதற்கென்றே சௌகரியமான ஒரு வடிவம் இருக்கிறது. ‘ஸூட்’ என்று படித்துவிடாதீர்கள், ‘ஸ்வீட்’ என்று உச்சரிக்க வேண்டும். தின்கிற ஸ்வீட் இல்லை. பெரிய ஹோட்டல்களில் வரிசையாக நாலு அறை சேர்ந்தாற்போல் வாடகைக்கு விடுகிறார்களே, அந்த ஸ்வீட். இசையிலும் அப்படித்தான். தனித்தனியாகக் கேட்கலாம், ஒரே கதவைத் திறந்துகொண்டு போய் எல்லாவற்றையும் வரிசையாகவும் கேட்கலாம். ஊருக்கு ஓர் அறை ஒதுக்கிவிட்டால் பயணத் தொகுப்பு தயார்.

இப்படிப்பட்ட தொகுப்புகளில் என்னென்ன தவறு நடக்கும் என்பதற்கு மூன்று பெரியவர்களைப் பாருங்கள்.

பிரான்ஸின் சேன்-சான்ஸ் அல்ஜீரியாவுக்கு அடிக்கடி போனவர். கடைசியில் 1921-ல் இறந்ததுகூட அல்ஜியர்ஸ் நகரில்தான். அவ்வளவு பிரியம். 1880-ல் ‘அல்ஜீரிய ஸ்வீட்’ எழுதினார். கப்பலிலிருந்து கரை தெரிவதில் ஆரம்பிக்கிறது. முடிவது எதில் தெரியுமா? ‘பிரெஞ்சு ராணுவ அணிவகுப்பு’. அன்றைக்கு அல்ஜீரியா பிரான்ஸின் காலனி. ஊரைப் பார்க்கப் போனவர் கடைசிப் பக்கத்தில் தன் ஊர்க் கொடியை நட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டாமவர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். ஜெர்மன்காரர். 1886-ல், 22 வயதில், இத்தாலி போய்விட்டு வந்து ‘இத்தாலியிலிருந்து’ எழுதினார். அதன் கடைசிப் பகுதியில், நேப்பிள்ஸ் மக்கள் காலங்காலமாகப் பாடும் நாட்டுப்பாடல் என்று நம்பி ஒரு மெட்டைச் சேர்த்தார். அது நாட்டுப்பாடலே இல்லை. வெசூவியஸ் மலைமேல் ரயில் விட்டதைக் கொண்டாட, 1880-ல் லூய்ஜி டென்சா என்பவர் போட்ட பாட்டு. ஆசாமி அப்போது உயிரோடு சௌக்கியமாக இருந்தார். நம் ஊருக்கு வரும் ஒரு வெள்ளைக்காரர், டீக்கடையில் கேட்ட சினிமாப் பாட்டைச் சங்ககாலத்து மெட்டு என்று குறித்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படி.

மூன்றாமவர் இங்கிலாந்தின் குஸ்டாவ் ஹோல்ஸ்ட். ஆஸ்துமாவுக்கு வெயில் நல்லது என்று டாக்டர் சொல்ல, 1908-ல் அல்ஜீரியா போனார். பாலைவனத்தில் சைக்கிள் விட்டார். அங்கே ஒரு குழல் ஊதுகிறவர் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்ததைக் கேட்டார். ‘பெனி மோரா’ என்ற தன் தொகுப்பின் கடைசிப் பகுதியில் அந்தத் துணுக்கை அப்படியே வைத்தார். எத்தனை தடவை? 163 தடவை. மூவரில் இவர்தான் யோக்கியர். கேட்டதைக் கேட்டபடி சொன்னார். ஆனால் அந்தக் குழலூதியின் தெருவுக்கு வெளியே நின்று, சன்னல் வழியாகப் பார்ப்பது போலத்தான் நமக்கும் இருக்கிறது.

இந்த மூன்று பள்ளத்தையும் பார்த்து நடந்த ஒரு தொகுப்பைப் பற்றித்தான் இந்த வாரம். பெயர் ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’. ட்யூக் எலிங்டனும் அவருடைய கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹார்னும் எழுதியது. எலிங்டன் தன் ஜாஸ் குழுவை எப்போதும் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்றுதான் சொல்வார். வயலின் கிடையாது. சாக்ஸபோன்கள், டிரம்பெட்டுகள், டிராம்போன்கள், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று 15 பேர். அந்த 15 பேரை வைத்துக்கொண்டு அவர் காட்டும் வண்ணங்களுக்கு மற்றவர்களுக்கு 80 பேர் வேண்டியிருக்கும்.

பயணக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இசையின் பாதி அர்த்தம் அதில் இருக்கிறது.

1956-லிருந்தே அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் கலைஞர்களை உலகம் சுற்ற அனுப்பிக்கொண்டிருந்தது. ரஷ்யாவோடு பனிப்போர். ‘கறுப்பர்களை நீங்கள் நடத்துகிற லட்சணம் தெரியாதா?’ என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த நேரம். பதிலாக, கறுப்பு மேதைகளைக் கோட்டு சூட்டு போட்டு அனுப்பிவைத்தார்கள். எல்லாரும் தலையாட்டவில்லை. 1957-ல் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பு மாணவர்களை உள்ளே விடாதபோது, லூயி ஆம்ஸ்ட்ராங் கோபத்தில் தன் ரஷ்யப் பயணத்தையே உதறினார்.

எலிங்டனின் முறை 1963 செப்டம்பரில் வந்தது. டமாஸ்கஸில் ஆரம்பம். அம்மான், ஜெருசலேம், பெய்ரூட், காபூல், டெல்லி, கொழும்பு, சென்னை, பம்பாய், டெஹ்ரான், பாக்தாத் என்று ஓட்டம். அவருக்கு வயது 64. டெல்லியில் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். ஸ்ட்ரேஹார்ன்தான் பியானோவில் உட்கார்ந்து சமாளித்தார். நவம்பரில் பாக்தாதில் இருந்தபோது அங்கே ராணுவக் கலகம். அதையும் தாண்டி துருக்கியின் அங்காராவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நவம்பர் 22 அன்று கென்னடி சுடப்பட்ட செய்தி வந்தது. மிச்சப் பயணம் ரத்து.

அமெரிக்காவில் அதே வருடம் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயணம் தொடங்கிய அதே செப்டம்பரில், 15-ம் தேதி, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கறுப்பர் தேவாலயத்தில் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். எலிங்டன் அப்போது அரபு நாட்டில் தன் தேசத்தின் தூதுவர்!

திரும்பி வந்தவுடனே அவசரமாக எதையும் கொட்டவில்லை. 1964 தொடக்கத்தில் நான்கு பகுதிகள் மேடையேறின. முழுத் தொகுப்பு ஒலிப்பதிவானது 1966 டிசம்பரில், நியூயார்க்கில், மூன்றே நாளில். பயணத்துக்கும் பதிவுக்கும் நடுவில் மூன்று வருடம். ஏன் இத்தனை தாமதம் என்றால், கேட்டதை அப்படியே நகலெடுக்க எனக்கு விருப்பமில்லை, உள்ளே போய் ரசாயன மாற்றம் அடைந்து தானாக வெளியே வரட்டும் என்கிற பொருளில் எலிங்டன் விளக்கம் சொல்லியிருக்கிறார்.

சாக்கு என்று நினைக்காதீர்கள். அந்த வருடங்களை யோசியுங்கள். 1965 டிசம்பரில் பீட்டில்ஸ் ஒரு பாட்டில் சிதாரை நுழைத்தார்கள். 1966-ல் ஜார்ஜ் ஹாரிசன் இந்தியாவுக்கே வந்து ரவிசங்கரிடம் பாடம் கேட்டார். சிதார் போடாத பாப் ரெக்கார்டு பழசு என்கிற நிலைமை. இந்தியாவை நேரில் பார்த்துவிட்டு வந்த எலிங்டன் ஆல்பத்தில் எத்தனை சிதார்? பூஜ்யம். தபலா? அதுவும் பூஜ்யம். நம் சினிமாவில் பாலைவனம் வந்தால் மகுடி மாதிரி ஒன்று ஊதும், ஜப்பான் வந்தால் டிங் டிங் என்று கம்பி மீட்டும். அந்த மாதிரி அடையாள அட்டை எதுவும் இதில் கிடையாது. கூட்டிப்போன அதே வாத்தியங்களோடு, அதே ஆட்களோடு, ப்ளூஸ் என்கிற தங்கள் தாய்மொழியிலேயே பேசுகிறார்கள்.

ஒன்பது பகுதிகள், சுமார் 44 நிமிடம். முதல் பகுதியின் தலைப்பைக் கவனியுங்கள்: ‘டூரிஸ்ட் பாயின்ட் ஆஃப் வியூ’. ஒரு சுற்றுலாப் பயணியின் பார்வை. வாசலிலேயே போர்டு மாட்டிவிட்டார். ‘ஐயா, நான் உங்கள் ஊரில் வாழ்ந்தவன் இல்லை, பார்த்துவிட்டுப் போனவன்.’ டிரம்ஸ் ஓயாமல் உருள, பால் கான்சால்வஸின் டெனார் சாக்ஸபோன் எந்தத் தெருவில் திரும்புவது என்று தெரியாத ஆள் மாதிரி அலைகிறது. மேலே கேட் ஆண்டர்சனின் டிரம்பெட் ஆட்டோ ஹாரன் போலக் குறுக்கே வருகிறது. புது ஊரில் ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்த முதல் பத்து நிமிடம் ஞாபகம் வருகிறதா? அதேதான்.

அடுத்தது ‘ப்ளூபேர்ட் ஆஃப் டெல்லி’. அடைப்புக்குறிக்குள் ‘மைனா’ என்று போட்டிருப்பார்கள். டெல்லியில் ஸ்ட்ரேஹார்ன் கேட்ட ஒரு மைனாவின் துணுக்கை ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட் வாசிக்கிறது. மைனாவுக்கு ஏது நீலம் என்று பறவை ஆர்வலர்கள் சண்டைக்கு வரலாம். எனக்குத் தோன்றுவது, இந்த ‘ப்ளூ’ இறகின் நிறமில்லை, ப்ளூஸின் ‘ப்ளூ’. செங்கோட்டை, குதுப்மினார், ஜனாதிபதி மாளிகை எல்லாம் இருக்கிற ஊரிலிருந்து ஒரு மனிதர் ஒரு பறவையின் குரலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஹோல்ஸ்ட் குழலைச் சுற்றி 163 தடவை நடந்தார். இங்கே மைனா ஒரு துணுக்கைச் சொல்ல, ஆர்க்கெஸ்ட்ரா பதில் சொல்ல, ஒரு சம்பாஷணை நடக்கிறது. நகலுக்கும் உரையாடலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

‘டெப்க்’ என்பது ‘தப்கே’ என்கிற அரபுக் குழு நடனத்தின் தப்பான ஸ்பெல்லிங். தப்புதான், ஆனால் கால்கள் தரையில் விழுவது கேட்கிறது. ‘மவுன்ட் ஹரிஸா’ லெபனானில் மாதா கோயில் இருக்கும் மலை. எலிங்டனின் பியானோ அவசரமில்லாமல் மேலே ஏறுகிறது. ‘ஆக்ரா’ தாஜ்மகால். பளிங்கு, நிலவு, கண்ணீர் என்று வழக்கமாக எல்லாரும் வழிவார்கள். இங்கே ஹாரி கார்னியின் பாரிடோன் சாக்ஸ். அந்தக் குடும்பத்தில் கனத்த, தாழ்ந்த குரல் அதற்கு. பளிங்கின் அழகை விட்டுவிட்டுப் பளிங்கின் எடையை வாசிக்கிறார். அடியில் ஒரு பெண் புதைந்திருக்கிறாள் என்பதும் ஞாபகம் வருகிறது. இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ‘அமாட்’டில் லாரன்ஸ் பிரௌனின் டிராம்போன் எழும்போது பாங்கு ஒலியின் சாயல் தெரியும். சாயல்தான், மிமிக்ரி இல்லை.

சென்னை எங்கே என்று கேட்கிறீர்களா? இல்லை. வந்தார்கள், வாசித்தார்கள், போய்விட்டார்கள். டெல்லி மைனாவுக்குக் கிடைத்த பேறு மயிலாப்பூர் காகத்துக்குக் கிடைக்கவில்லை. வருத்தப்பட வேண்டாம். மனசில் ஒட்டாததை ஒப்புக்கு எழுதாமல் விட்டதும் ஒரு மரியாதைதான்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். தொகுப்பிலேயே மிக அழகான பகுதி ‘இஸ்ஃபஹான்’. இரானின் நீல ஓடு பதித்த மசூதிகள் இருக்கும் ஊர். ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸ். கத்ரி கோபால்நாத் கையில் நாம் பார்த்த அதே வாத்தியம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஹாட்ஜஸ் தாண்டுவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார். நம் ஊர்ச் சபாவில் முன்வரிசை மாமாக்கள் ‘ஆஹா, ஜாரு!’ என்று தலையாட்டியிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த ஊரின் சதுக்கத்தில் சாயங்கால வெயில் இறங்குவது தெரியும்.

தெரிந்ததா? அந்த மெட்டை ஸ்ட்ரேஹார்ன் எழுதியது பயணத்துக்குச் சில மாதம் முன்னால். அன்றைக்கு அதன் பெயர் ‘எல்ஃப்’. குட்டிச்சாத்தான்! இஸ்ஃபஹானை அவர் அப்போது கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிறகு பெயரை மாற்றித் தொகுப்பில் வைத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் ‘ஏமாற்று வேலை’ என்று சிலர் கொதிப்பார்கள். கொதிக்க நியாயம் உண்டு. லேபிளை நம்பித்தானே வாங்குகிறோம்? ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எத்தனையோ தடவை நமக்கும் ஆகியிருக்கிறது: ஓர் ஊருக்குப் போய் இறங்கியதும், முன்பே மனசில் இருந்த ஏதோ ஒன்று ‘அட, இதற்குத்தான் நான் காத்திருந்தேன்’ என்று எழுந்து உட்காரும். மெட்டு முதலில் வந்தது, அதற்கான ஊர் பிற்பாடு கிடைத்தது. அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்ட்ராஸ் செய்தது அறியாமை. இது தெரிந்து செய்த நாமகரணம். ஆனால் ஒன்று. இதைக் கேட்டு இரானிய சங்கீதத்தைத் தெரிந்துகொண்டோம் என்று மட்டும் நீங்கள் நினைத்துவிடக் கூடாது. இதில் இருப்பது ஸ்ட்ரேஹார்னின் மனசு, அதற்கு ஹாட்ஜஸ் கொடுத்த மூச்சு.

எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. இந்த ஸ்ட்ரேஹார்ன் 1915-ல் பிறந்தவர். 23 வயதில் எலிங்டனைச் சந்தித்து, ஏறக்குறைய முப்பது வருடம் நிழலாகவே இருந்தவர். எலிங்டன் குழுவின் அடையாளப் பாட்டான ‘டேக் தி ஏ டிரெய்ன்’ இவர் எழுதியது. இன்றைக்கும் பாதிப் பேர் எலிங்டன் எழுதியது என்றுதான் நினைக்கிறார்கள். இந்தத் தொகுப்பிலும், ஜாபிதா போட்டால் மைனா அவருடையது, இஸ்ஃபஹான் அவருடையது. அட்டையில் பெரிய எழுத்தில் எலிங்டன் பெயர். கணக்குப் புத்தகத்தில் உழைப்பு ஒருவர் பெயரிலும் வரவு இன்னொருவர் பெயரிலும் போட்டால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். இசையுலகம் ரொம்ப காலம் சும்மா விட்டது. கையெழுத்துப் பிரதிகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்களால்தான் எது யாருடையது என்று பின்னாளில் தெளிந்தது. எலிங்டனைத் திருடர் என்று சொல்லவில்லை. மேடையில் ஸ்ட்ரேஹார்னை வாய் நிறையப் புகழ்ந்தவர்தான். ஆனால் மேடைப் புகழ்ச்சி காற்றோடு போகும், அட்டையில் அச்சான பெயர் நிற்கும்.

ஸ்ட்ரேஹார்ன் 1967 மே 31 அன்று புற்றுநோயில் இறந்தார். இந்த ஆல்பம் வெளிவந்த வருடமும் 1967. அடுத்த வருடம் கிராமி விருது கிடைத்தது. வாங்கிப் பார்க்க அவர் இல்லை. எலிங்டன் அவருடைய பாடல்களை மட்டும் வைத்து ஓர் அஞ்சலி ஆல்பமே போட்டார். நல்ல ஆல்பம். கொஞ்சம் லேட்.

வேறு குறைகளும் உண்டு. ‘ஃபார் ஈஸ்ட்’ என்ற தலைப்பே தப்பு. லெபனானும் இரானும் ஆக்ராவும் எப்படித் தூரக் கிழக்கு ஆகும்? நிஜமான தூரக் கிழக்கு கடைசிப் பகுதியில் மட்டும்தான் வருகிறது: ‘ஆட் லிப் ஆன் நிப்பான்’. 1964-ல் ஜப்பான் போய்வந்ததன் விளைவு. பதினொன்றரை நிமிடம். எலிங்டனின் பியானோவும் ஹாமில்டனின் கிளாரினெட்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகிறவனை மறுபடி இலைக்கு முன் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. மற்ற எட்டில் இருக்கும் சிக்கனம் இதில் இல்லை. முதல் தடவை கேட்கிறவர்கள் எட்டோடு எழுந்துவிடலாம். பாவமில்லை.

குறைகள் இருந்தும் இதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அந்த முதல் தலைப்பில் இருக்கும் ‘டூரிஸ்ட்’ என்ற சொல்லுக்காக. அதை வெறும் தன்னடக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். 1930-களில் எலிங்டன் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கச்சேரிக்குப் போகும்போது, ரயில் பெட்டிகளைத் தனியாக வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போவார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் பெட்டிக்குள்ளேயே. பந்தாவுக்காக என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். அந்த ஊர்களின் வெள்ளைக்கார ஹோட்டல்களில் அவர்களுக்கு அறை தரமாட்டார்கள் என்பதுதான் விஷயம். ஹோட்டலில் நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1964 ஜூலையில். டெல்லியிலும் பெய்ரூட்டிலும் ராஜ மரியாதையோடு அறை வாங்கித் தங்கிய அந்தப் பயணத்துக்கு அப்புறம்!

சுற்றுலாப் பயணி என்றால் நமக்கு இளக்காரம். கழுத்தில் கேமரா, காலில் ஷார்ட்ஸ். ஆனால் சொந்த தேசத்தில் டூரிஸ்ட்டாகக்கூட இருக்க அனுமதிக்கப்படாத ஒருவர் அந்தச் சொல்லை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொள்ளும்போது, அதற்கு ஒரு கூச்சமும் இருக்கிறது, ஒரு குறும்பும் இருக்கிறது, அடியில் கொஞ்சம் கசப்பும் இருக்கிறது. சேன்-சான்ஸ் தன் பயணத்தை ராணுவ அணிவகுப்பில் முடித்தார். அவருக்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. எலிங்டன் அரசாங்கச் செலவில் போனவர், ஆனாலும் தொகுப்பில் ஓர் இடத்தில்கூட அமெரிக்கக் கொடி பறக்கவில்லை. தன்னை ‘ஆக’ வேண்டிய இடத்தில் வைக்காத ஒரு தேசத்தின் தூதுவர் அடுத்தவன் ஊரைப் பார்க்கும்போது, மேலிருந்து பார்க்க முடியாது. சமதரையில் நின்று, கொஞ்சம் ஒதுங்கி, காதைத் தீட்டிக்கொண்டுதான் பார்க்க முடியும்.

அதனால்தான் அவர் கண்ணுக்குக் கோட்டைகளைவிட மைனா பெரிதாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் இஸ்ஃபஹான், பிறகு மைனா, பிறகு ஆக்ரா. மூன்றும் சேர்ந்தே பத்து நிமிடம்தான். பிடித்தால் ஆரம்பத்திலிருந்து வாருங்கள். ராத்திரி, வீட்டில் சீரியல் சத்தம் அடங்கினபிறகு கேட்பது உத்தமம். அடுத்த தடவை வெளியூர் போகும்போது அந்த ஊர்க் கோபுரத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அறை ஜன்னலைத் திறந்துவைத்து, அங்கே என்ன பறவை கத்துகிறது என்றும் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.